ஏடு யாரால் வாழ்கிறது?

திருகோணமலைத் துறைமுகத்தைச் சூழ்ந்த ஊர்களில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு ஜப்பான் என்ற பெயர் ஒரு குண்டுச் சத்தத்தோடுதான் அறிமுகமாகியது. 1942ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 9ஆம் திகதி காலையில், விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து எழுந்த ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தையும் சீனக்குடா விமானத் தளத்தையும் தாக்கின. சீனக்குடாவின் எண்ணெய்க் குதங்களுள் ஒன்றின்மீது விமானம் ஒன்று மோதி எரிந்தது. அதே நாளில் மட்டக்களப்புக்கு அப்பாலுள்ள கடலில் பிரித்தானியரின் 'ஹேர்மிஸ்' கப்பல் மூழ்கடிக்கப்பட்டது. எங்கள் மூத்த தலைமுறையினர் இந்நிகழ்ச்சியைக் கதையாகச் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, அந்த நாட்டுக்கு வேறொரு முகமும் உண்டு என்பது வெகுகாலத்தின் பின்னரே தெரியவந்தது.

அந்த வேறொரு முகம் ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்டது. கி.பி. 794இல் ஜப்பானியப் பேரரசர் தமது தலைநகரை இன்று கியோத்தோ என வழங்கும் நகருக்கு மாற்றினார். அதன் பின்வந்த நான்கு நூற்றாண்டுக் காலத்தை ஹெயான் காலம் என்பார்கள். அக்காலத்து அரண்மனையில் மகாராணியருக்குப் பணிபுரிந்த பெண்கள் எழுதிய நூல்கள் இன்றும் உலகெங்கும் வாசிக்கப்படுகின்றன. முரசாகி ஷிகிபு என்பவர் எழுதிய 'கென்ஜியின் கதை' 54 அத்தியாயங்களைக் கொண்ட பெருங்கதை. சேய் ஷோனகோன் என்பவர் எழுதியது 'தலையணைப் புத்தகம்' எனப்படும் குறிப்புத் தொகுதி. ஓர் அரண்மனையின் தாழ்வாரத்தில் விடியற்காலை எப்படியிருந்தது, எந்த ஆடை எந்தப் பருவத்துக்குப் பொருந்தியது, யார் யாரைக் கண்டு பொறாமைப்பட்டார், எந்தக் கடிதம் எந்தக் கடதாசியில் வந்தது என்பவையெல்லாம் அந்நூல்களில் உள்ளன.

இவற்றை வாசித்த காலத்தில் என்னுள் எழுந்த கேள்வி இதுதான்: நமக்கும் அரண்மனைகள் இருந்தன. புலவர்கள் இருந்தனர். எழுத்து இருந்தது. நமது அரண்மனையின் விடியற்காலை எங்கே போயிற்று?

இதற்கு உடனே வரக்கூடிய விடை, 'ஜப்பானியர் எழுதினர், நாம் எழுதவில்லை' என்பது. 'நம்முடையவற்றைப் பறங்கியர் எரித்துவிட்டனர்' என்பது இன்னொரு விடை. இரண்டிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் இரண்டுமே போதுமானவை அல்ல என்பது என் கருத்து. அதனை விளக்க, முதலில் எங்கள் திருகோணமலை மண்ணிலிருந்தே தொடங்குகிறேன்.

முரசாகி ஷிகிபு வாழ்ந்த காலம் நமக்கு மிகவும் அறிமுகமான காலம். தஞ்சையில் முதலாம் இராசராசன் ஆண்டது 985 முதல் 1014 வரை. சோழர் அநுராதபுரத்தைக் கைப்பற்றியது 993இல். முரசாகி தமது நாட்குறிப்பில் பதிந்துள்ள நிகழ்ச்சிகள் 1008 முதல் 1010 வரையானவை. ஆகவே, கியோத்தோவில் 'கென்ஜியின் கதை' ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் திருகோணமலைப் பிரதேசம் சோழர் ஆட்சியின் கீழ் இருந்தது.

அக்காலத்தில் இங்கு என்ன எழுதப்பட்டது? நகருக்கு வடமேற்கே பெரியகுளத்துக்கு அண்மையில், வெல்கம் விகாரை எனப்படும் பௌத்தப் பள்ளியின் இடிபாடுகள் உள்ளன. சோழர் காலத்தில் அதற்கு இராசராசப் பெரும்பள்ளி என்று பெயர். சைவப் பேரரசனின் பெயரைத் தாங்கிய அந்தப் பௌத்தப் பள்ளிக்குத் தமிழர் தானம் வழங்கினர். அங்கு கிடைத்த தமிழ்க் கல்வெட்டுகள் விளக்கெரிப்பதற்கு வழங்கிய பசுக்களையும் காசையும் கணக்கிட்டுக் கூறுகின்றன. கொடுத்தவர் யார், எவ்வளவு கொடுத்தார் என்பவை தெரிகின்றன. ஏன் கொடுத்தார், அன்று அவர் மனத்தில் என்ன இருந்தது என்பவை தெரியவில்லை.

நகரின் தென்மேற்கே கந்தளாய்ப் பக்கத்தில் கிடைத்த இன்னொரு கல்வெட்டு என்னை இன்னும் அதிகமாகத் தடுத்து நிறுத்துவது. பளமோட்டைக் கல்வெட்டு என்பது அதன் பெயர். சோழரை வென்று பொலன்னறுவையில் ஆண்ட முதலாம் விஜயபாகுவின் 42ஆவது ஆட்சியாண்டில், அதாவது 11ஆம் நூற்றாண்டின் இறுதியில், அது பொறிக்கப்பட்டது. கந்தளாயில் இருந்த விஜயராஜ ஈச்சரம் என்ற சிவன் கோயிலுக்கு நங்கைசானி என்ற பிராமணப் பெண், இறந்துபோன தன் கணவனின் பொருட்டு வழங்கிய அறக்கொடையை அது பதிவு செய்கிறது. அக்கோயிலுக்குத் தென்கயிலாசம் என்றும் ஒரு பெயர் அதில் வருகிறது. அறத்தைக் காக்கும் பொறுப்பு வேளைக்காரப் படையினரிடம் ஒப்படைக்கப்பட்டது.

முரசாகியும் கணவனை இழந்தவரே. 1001இல் அவரது கணவர் இறந்தார். அதன் பின்னரே அவர் கதை எழுதத் தொடங்கினார் என்பது ஆய்வாளர் பலர் கருத்து. ஒரு நூற்றாண்டுக்குள் இரு கைம்பெண்கள். ஒருத்தியின் துயரம் 54 அத்தியாயங்களாக விரிந்தது. மற்றவளின் துயரம் பொன்னும் காசுமாக எண்ணப்பட்டுக் கல்லில் ஏறியது. கந்தளாய்க் கைம்பெண்ணுக்குச் சொல்ல எதுவும் இருக்கவில்லை என்று யார் கூறமுடியும்? அவளுக்குக் கிடைத்த கல்லில் எழுதக்கூடியது அவ்வளவுதான். கல்வெட்டு என்பது உரிமைப் பத்திரம். அதில் கண்ணீருக்கு இடமில்லை.

இனி அரண்மனைக்கு வருவோம். திருகோணமலையோடு நெருங்கிய தொடர்புடைய தமிழ் அரசவை யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்திகளுடையது. 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் 1619இல் போர்த்துக்கேயரிடம் வீழும் வரை அவ்வரசு நிலைத்தது. அரசர்கள் செகராசசேகரன், பரராசசேகரன் என்ற பட்டப்பெயர்களை மாறி மாறிச் சூடினர். தங்கள் நாணயங்களில் இடபத்தையும் 'சேது' என்ற சொல்லையும் பொறித்தனர். அவர்களது அவையில் தோன்றியவை என அறியப்படும் நூல்களை வரிசைப்படுத்திப் பாருங்கள்.

செகராசசேகரம் ஒரு மருத்துவ நூல். பரராசசேகரமும் மருத்துவ நூலே. செகராசசேகரமாலை சோதிட நூல். தட்சிண கைலாச புராணம் திருகோணமலைக் கோணேசர் கோயிலின் தலபுராணம். அரச குடும்பத்தைச் சேர்ந்த அரசகேசரி பாடிய இரகுவமிசம், காளிதாசனின் வடமொழிக் காவியத்தைத் தழுவியது. இவற்றுக்கு முன்னரே, 1310இல், தம்பதேனியாவில் பராக்கிரமபாகு மன்னனின் அவையில் போசராச பண்டிதர் அரங்கேற்றிய சரசோதிமாலையும் சோதிட நூலே. சிங்கள மன்னனின் அவையில் தமிழ் நூல் அரங்கேறியது என்பது தனியே எழுதவேண்டிய செய்தி. இங்கு நான் கவனிக்க விரும்புவது, அதுவும் நாள் பார்க்கும் நூல் என்பதை.

வைத்தியம், சோதிடம், தலபுராணம், வடமொழிக் காவியம். அவ்வளவுதான். நாட்குறிப்பு இல்லை. கடிதத் தொகுதி இல்லை. அந்தப்புரத்தில் நடந்த ஒரு சண்டையைப் பற்றிக்கூட நமக்குக் கிடைத்தவற்றில் ஒரு வரி இல்லை.

அரண்மனையைக் கண்ணால் கண்டு எழுதியவர்கள் வெளியார். 1344இல் இலங்கைக்கு வந்த மொரோக்கோ நாட்டுப் பயணி இபின் பத்தூத்தா, ஆரியச்சக்கரவர்த்தியைப் புத்தளப் பகுதியில் சந்தித்தார். அரசன் பாரசீக மொழியைப் புரிந்துகொண்டான் என்றும், பிற நாடுகளைப் பற்றியும் பிற மன்னர்களைப் பற்றியும் கேட்பதில் மகிழ்ந்தான் என்றும் எழுதினார். சலாபத்திலிருந்து வந்த முத்துக்கள் அரசன்முன் குவிந்திருந்ததையும், உள்ளங்கையளவான மாணிக்கக் கிண்ணத்தில் அகில் தைலம் இருந்ததையும் அவர் கண்டார். சிவனொளிபாத மலைக்குச் செல்ல அரசன் பல்லக்கும் துணையாட்களும் கொடுத்தனுப்பினான். ஒரு யாழ்ப்பாண மன்னன் உட்கார்ந்து பேசிய காட்சி நமக்குக் கிடைப்பது இந்த அரபு நூலில்தான்.

அடுத்த நூற்றாண்டில் கோட்டை அரசன் ஆறாம் பராக்கிரமபாகுவின் சார்பில் செண்பகப் பெருமாள் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றினான். அப்போது தென்கோடியில் தெவிநுவரையிலிருந்து யாழ்ப்பாணத்துக்குக் குயிலைத் தூது விடுவதாக ஒரு சிங்களப் பிக்கு பாடியது 'கோகில சந்தேசய'. தலைநகரின் அழகை அது வருணிக்கிறது. வென்றவனின் புலவர் தோற்ற நகரைப் பாடினார். தோற்றவனின் புலவர் பாடியிருந்தால் அது நம்மை வந்தடையவில்லை. யாழ்ப்பாண வைபவமாலைகூட அரசு வீழ்ந்து ஒரு நூற்றாண்டுக்கும் மேல் கழிந்த பின், ஒல்லாந்த அதிகாரி ஒருவரின் வேண்டுகோளுக்கு இணங்க மயில்வாகனப் புலவர் எழுதியதே.

யாழ்ப்பாண அரசவையின் கவிதையில் பெண்கள் வரவே இல்லையா என்றால், வருகிறார்கள். கேகாலை மாவட்டத்தின் கொட்டகம என்ற இடத்தில் கிடைத்த கல்வெட்டில் ஒரு தமிழ் வெண்பா உள்ளது. சிங்கைநகர் ஆரியனுக்குப் பணியாத பகைவரின் மனைவியர் விட்ட கண்ணீரைக் கூறி அவனது வெற்றியைப் பாராட்டுகிறது அது. அங்கே பெண்ணின் கண்ணீர் ஆணின் வீரத்தை அளக்கும் அளவுகோல். அழுதவள் எழுதவில்லை. அழவைத்தவன் எழுதுவித்தான்.

தமிழில் பெண்கள் எழுதியதில்லையா என்று வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. சங்கத் தொகைகளில் முப்பதுக்கும் மேற்பட்ட பெண்பாற் புலவர்கள் உள்ளனர். தந்தையை இழந்த பாரி மகளிரின் பாடலும், கணவனை இழந்த பெருங்கோப்பெண்டின் பாடலும் புறநானூற்றில் இடம்பெற்றன. காரைக்கால் அம்மையார் உண்டு, ஆண்டாள் உண்டு. இலங்கையிலேயே சிகிரியாவின் கண்ணாடிச் சுவரில் 8ஆம் நூற்றாண்டு தொடக்கம் பார்வையாளர் கீறிவைத்த சிங்களக் கவிதைகளை பேராசிரியர் பரணவிதான 1956இல் வெளியிட்டார். அவர் பதிப்பித்த 685 பாடல்களில் பெண்கள் எழுதியவையும் உள்ளன. எனவே இந்த மண்ணுக்கு அந்தத் திறன் அந்நியமானதன்று. அது எங்கோ ஓரிடத்தில் அறுந்துபோயிற்று.

எங்கே அறுந்தது என்பதைக் காண, ஜப்பானிலும் நிலைமை எவ்வாறிருந்தது என்று பார்ப்பது பயன்தரும். அங்கும் பெண்களுக்கு யாரும் ஆசனமிட்டு எழுதச் சொல்லவில்லை. அரசாங்கத்தின் மொழி சீனம். ஆண்மக்கள் சீனமொழியைக் கற்று அதில் எழுதினர். பெண்களுக்கு அது பொருந்தாது எனக் கருதப்பட்டது. முரசாகி சிறுமியாக இருந்தபோது சகோதரனுக்குச் சொல்லிக்கொடுத்த சீனப் பாடத்தை அருகிலிருந்தே அவனைவிட விரைவாகக் கற்றுக்கொண்டார். இவள் ஆண்பிள்ளையாகப் பிறக்கவில்லையே என்று தந்தை வருந்தினார். பின்னாளில் அரண்மனையில் தமக்குச் சீனம் தெரியும் என்பதை மறைத்தே வாழ்ந்தார். மகாராணி ஷோஷிக்குச் சீனக் கவிதையைக் கற்பித்ததும் இரகசியமாகத்தான். இவை அவரே எழுதியவை. 'முரசாகி' அவரது இயற்பெயரன்று. 'ஷிகிபு' என்பது தந்தையின் பதவியிலிருந்து வந்தது. அவரது இயற்பெயர் இன்னதென உறுதியாகத் தெரியாது.

பெண்களுக்கு எஞ்சியது 'கானா' என்ற எளிய எழுத்து. பேசும் மொழியை ஒலிப்படி எழுதும் அதற்குப் 'பெண்கை' என்றே பெயர் வழங்கியது. அவ்வெழுத்துக்களை வரிசைப்படுத்தும் முறைகளுள் ஒன்று தமிழருக்கு வியப்பூட்டும். அ, இ, உ, எ, ஒ என உயிர்கள். பின்னர் க, ச, த, ந என்று தொடங்கி ம, ய, ர, வ என்று முடியும் வரிசைகள். பௌத்தத் துறவிகள் வழி சென்ற இந்திய எழுத்திலக்கணத்தின் சுவடு அது. 736இல் ஜப்பானை அடைந்து, 752இல் நாரா நகரின் பெரும் புத்தர் சிலைக்குக் கண்திறந்த போதிசேனர் இந்தியாவிலிருந்து சென்றவர் என்பதையும் இங்கு நினைவுகூரலாம். நம் பக்கத்து நெடுங்கணக்கின் ஒழுங்கு அந்நாட்டை அடைந்தது. அங்கே பெண்கள் வீட்டு மொழியில் எழுதினர்.

யாழ்ப்பாண மன்னர்களும் ஒருவகையில் அதையே செய்தனர் என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. வடமொழியில் இருந்த வைத்தியத்தையும் சோதிடத்தையும் அவர்கள் தமிழில் ஆக்குவித்தனர். தங்களைப் பிராமண வழியினர் என்று கூறிக்கொண்ட அரசர்கள், வடமொழியிலேயே நின்றுவிடாமல் ஊர் வைத்தியனுக்கும் ஊர்ச் சோதிடனுக்கும் விளங்கும் மொழிக்கு அறிவைக் கொண்டுவந்தனர். அது சிறிய காரியமன்று. ஆனால் அம்மொழிக்குள் வாழ்க்கை வந்து உட்காரவில்லை.

ஏன்? என் விடை எளிமையானது. பனையோலையில் எழுத்தாணியால் எழுதப்பட்ட ஏடு நிலைத்து நிற்பதில்லை. பூச்சியும் ஈரமும் கடற்காற்றும் அதைத் தின்றுவிடும். சில தலைமுறைகளுக்கு ஒருமுறை யாராவது உட்கார்ந்து அதைப் புதிய ஓலையில் படியெடுக்கவேண்டும். அந்த வேலையை யார் செய்வார்? அந்த ஏட்டினால் சோறு உண்பவர் செய்வார். பரராசசேகரம் வைத்தியக் குடும்பங்களின் கையில் வாழ்ந்தது. அதனாலேதான் 20ஆம் நூற்றாண்டில் ஏழாலையில் அதை அச்சிட முடிந்தது. செகராசசேகரமாலை சோதிடர் கையில் வாழ்ந்தது. தட்சிண கைலாச புராணம் கோயிலைச் சார்ந்தவர் கையில் வாழ்ந்தது. ஓர் அரசகுமாரி தன் மனக்குறையை ஓலையில் எழுதியிருந்தால், அதைப் படியெடுக்க யாருக்கு என்ன தேவை? நாட்குறிப்புக்கு வாரிசு இல்லை.

ஜப்பானின் கதையும் இதே விதிக்குக் கட்டுப்பட்டதே. 'கென்ஜியின் கதை' அழகினால் மட்டும் வாழவில்லை. முரசாகிக்கு இரண்டு நூற்றாண்டுகளின் பின், கவிதை புனைவதையே குடும்பத் தொழிலாகக் கொண்ட பிரபுக்கள் அந்நூலைத் தங்கள் பாடநூலாக்கினர். 'கென்ஜி'யைக் கல்லாத கவிஞன் குறையுடையவன் என்னும் கருத்தை 1193இல் ஒரு கவிதைப் போட்டியின் நடுவராக இருந்த பியூஜிவாரா ஷுன்செய் தெரிவித்தார். அவரது மகன் தெய்கா, தம் வீட்டுப் பெண்களைக்கொண்டு 54 அத்தியாயங்களையும் படியெடுப்பித்த செய்தியை 1225ஆம் ஆண்டு நாட்குறிப்பில் பதிந்தார். எங்கள் ஊர் வைத்தியர் பரராசசேகரத்தைப் படியெடுத்த அதே காரணம்தான். வேறுபாடு இவ்வளவே: அங்கே மனித மனத்தைப் பற்றிய நூல் ஒன்றும் சிலரது தொழிலுக்குத் தேவையானதாக இருந்தது.

இன்னொரு சிறு வேறுபாட்டையும் குறிப்பிட வேண்டும். ஜப்பானியப் பிரபுக்களும் நாள், கோள், திசை பார்த்தே வாழ்ந்தனர். விலக்கப்பட்ட திசையில் செல்ல நேர்ந்தால், முதல்நாளிரவு வேறிடத்தில் தங்கித் திசையை மாற்றிக்கொண்டு சென்றனர். செகராசசேகரமாலையில் பெண்களுக்குரிய வினைகள், திருமணம், மனைகோலுதல், பயணம், வேந்தருக்குரிய வினைகள் என்று வரும் பகுதிகளை அவர்கள் கண்டிருந்தால் தங்கள் நூலென்றே எண்ணியிருப்பர். ஆனால் அவர்களது பஞ்சாங்கச் சுருள்களில் ஒவ்வொரு நாளுக்குமிடையே இரண்டு வரி வெற்றிடம் விடப்பட்டது. அந்த வெற்றிடத்தில் பிரபுக்கள் அன்றன்று நடந்ததைக் குறித்துவைத்தனர். மகாராணி ஷோஷியின் தந்தையும் அக்காலத்தின் அதிகாரமிக்க மனிதருமான பியூஜிவாரா மிச்சினாகா அவ்வாறு தம் கைப்பட எழுதிய 14 சுருள்கள் இன்றும் உள்ளன. 2013இல் யுனெஸ்கோ அவற்றை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. நாள் பார்க்கும் பழக்கமே அங்கு நாள் எழுதும் பழக்கத்துக்கும் இடம் கொடுத்தது. நமது சோதிட ஏட்டில் பாடலுக்கும் பாடலுக்கும் இடையே அத்தகைய வெற்றிடம் இருக்கவில்லை.

ஆயினும், நமக்குக் கிடைத்தவற்றை நாம் சரியாக வாசித்திருக்கிறோமா என்பதும் ஒரு கேள்வி. கோணேசர் கல்வெட்டு என்றொரு நூல் உண்டு. பெயர்தான் கல்வெட்டு. உண்மையில் அது கவிராசவரோதயன் என்பவர் இயற்றிய ஏட்டு நூல். வரராமதேவன் மகன் குளக்கோட்டன் கோணேசர் கோயிலையும் கந்தளாய்க் குளத்தையும் அமைத்து, மருங்கூரிலிருந்து தானத்தாரையும் காரைக்காலிலிருந்து வரிப்பத்தாரையும் கொண்டுவந்து குடியேற்றி, மதுரையிலிருந்து தனியுண்ணாப் பூபாலனை அழைத்து வன்னிபமாக நியமித்தான் என்று அது கூறுகிறது. இதில் எவ்வளவு வரலாறு, எவ்வளவு மரபு என்பதில் அறிஞர்களுக்கிடையே கருத்து வேறுபாடுகள் உண்டு. அந்த வாதத்துக்குள் நான் செல்லவில்லை.

நான் அந்நூலில் தேடுவது வேறு. யார் எந்தப் பணியைச் செய்யவேண்டும், யாருக்கு எந்தப் பங்கு, யார் தவறினால் யார் கேட்பது என்று அது சொல்லிச் செல்கிறது. பெரிய மன்னர்களின் பெயர்களைச் சற்று ஒதுக்கிவிட்டு அந்தப் பணிகளின் வரிசையை வாசித்தால், கோயிலே அரண்மனையாக இருந்த ஒரு சமூகம் கண்முன் வருகிறது. ஒருவர் மலர் கொண்டுவருகிறார், ஒருவர் விளக்கேற்றுகிறார், ஒருத்தி நெல் குற்றுகிறாள். அவர்களுடைய மனம் நமக்குக் கிடைக்காது. அவர்களுடைய கைகள் கிடைக்கின்றன. முரசாகியின் நூலில் இதற்கு நேரெதிர். அங்கே மனம் நிறைந்திருக்கிறது. ஆனால் அந்த அரண்மனைக்கு அரிசி குற்றியவர்கள் அநேகமாகக் கண்ணில் படுவதில்லை. அந்த வகையில் எங்கள் ஏடு அவர்களுடைய ஏட்டுக்குத் தாழ்ந்ததன்று.

அந்த ஏடு பிழைத்ததற்கும் அதே காரணம்தான். ஊழிய உரிமையும் மரியாதையும் அதில் எழுதப்பட்டிருந்ததால், அதனால் உரிமை பெற்றவர்கள் அதைக் காத்தனர். 1620களில் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து அதன் கற்களைக் கொண்டு கோட்டை கட்டினர். இன்று பிரட்றிக் கோட்டை எனப்படும் அதன் வாயிலில் இரட்டை மீன் பொறித்த கல்லொன்று இன்னமும் பதிந்திருக்கிறது. கல் கோட்டையின் சுவருக்குள் போயிற்று. ஓலை வீட்டுக் கூரையின் கீழ் தப்பியது. கல்லைவிட ஓலை உறுதியானதல்ல. ஓலைக்கு உரியவர்கள் இருந்தார்கள்.

உரியவர்கள் ஊரைவிட்டு ஓட நேர்ந்தால் என்னவாகும் என்பதும் நமக்குத் தெரியும். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது சுமார் 97,000 நூல்களோடு ஏட்டுச் சுவடிகளும் அழிந்தன. பின்வந்த போர்க்காலத்தில் எங்கள் மாவட்டத்தில் எத்தனையோ குடும்பங்கள் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு ஓடின. உறுதியையும் பிறப்புச் சாட்சிப் பத்திரத்தையும் எடுத்தார்கள். பழைய கடிதக் கட்டை விட்டுச் சென்றார்கள். அதற்காக அவர்களைக் குறைசொல்ல முடியாது. பரராசசேகரத்தைப் படியெடுத்த அறிவுதான் அதுவும். பிழைக்கத் தேவையானதை முதலில் எடுப்பது மனித இயல்பு.

இதைச் சொல்லும்போது என் தொழிலையும் நான் விட்டுவிட முடியாது. செய்திப் பத்திரிகையில் கழித்த நீண்ட காலத்தில் நான் எழுதியவை எவை? இன்னார் அடிக்கல் நாட்டினார், இன்னார் திறந்துவைத்தார், இன்னாருக்குப் பொன்னாடை போர்த்தப்பட்டது, இவ்வளவு ரூபா ஒதுக்கப்பட்டது. இராசராசப் பெரும்பள்ளிக் கல்வெட்டுக்கும் இதற்கும் வேறுபாடு அதிகமில்லை. கொடுத்தவர் பெயரும் கொடுத்த தொகையும். துறைமுகத்தில் கப்பல் வந்த நாளை எழுதினேன். அந்தக் கப்பலுக்காகக் காத்திருந்த வீட்டில் என்ன பேசிக்கொண்டார்கள் என்பதை எழுதவில்லை. பத்திரிகையில் அதற்கு இடமில்லை என்றார்கள். நானும் நம்பினேன். நானும் ஒரு கல்வெட்டுக்காரனாகவே இருந்திருக்கிறேன்.

எங்கள் வீடுகளில் வாக்கிய பஞ்சாங்கத்தின் ஓரத்தில் பென்சிலால் ஏதேனும் குறித்து வைக்கும் பெரியவர்கள் இருந்தார்கள். பிள்ளை பிறந்த நாழிகை, பசு கன்று ஈன்ற நாள், கிணறு வற்றிய மாதம், மகன் கப்பலேறிய திகதி. ஆண்டு முடிந்ததும் அந்தப் பஞ்சாங்கம் கழிவுக் கடதாசியோடு போய்விடும். மிச்சினாகாவின் பஞ்சாங்கத்தில் இருந்த இரண்டு வரி வெற்றிடம் எங்களுக்கும் ஓரத்தில் கிடைத்திருந்தது. அதைக் காத்துவைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

வாசகர்களில் யாருடைய வீட்டிலாவது அப்படியொரு பழைய பஞ்சாங்கமோ, பாட்டியின் கணக்குக் கொப்பியோ, கடிதக் கட்டோ இருக்குமானால், தயவுசெய்து அதை எறிந்துவிடாதீர்கள். முடிந்தால் ஒரு படி எடுத்து வையுங்கள். அதனால் யாருக்கும் ஒரு சதமும் கிடைக்காது. அதனாலேதான் அதை எடுத்துவைக்க ஒருவர் வேண்டியிருக்கிறது. நங்கைசானியின் காசுக் கணக்கு நம்மிடம் உண்டு. அவளுடைய கணவனை அவள் என்ன சொல்லி அழைத்தாள் என்பது நமக்கு இனி ஒருபோதும் தெரியப்போவதில்லை.